மூன்று நாள் நின்றால் செல்ஃப் எடுக்காத கார்: மின் கசிவை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: என் பெட்ரோல் கார் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) பேட்டரியை இரண்டு மாதத்துக்கு முன்புதான் புதிதாக மாற்றினேன். தினமும் ஓட்டினால் தொல்லை இல்லை. மூன்று நாள் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம்தான். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. டைனமோ சார்ஜ் சரியாக இருக்கிறது என்று சொல்லும் மெக்கானிக், பேட்டரியை மறுபடி மாற்றச் சொல்கிறார். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் டேஷ்கேமும் வெளியில் போட்டவை. என்ன செய்யலாம்?

பதில்: பேட்டரியை இப்போது மாற்ற வேண்டாம். முதலில் ஒரு சின்னச் சோதனை. பேட்டரியை வெளிச் சார்ஜரில் 3.5 ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்து முழுதாக ஏற்றுங்கள். பிறகு நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, சில மணி நேரம் கழித்து வோல்ட் பாருங்கள், 12.6-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வயரை மாட்டாமலே மூன்று நாள் விடுங்கள். அப்போதும் 12.5-க்குக் குறையாமல் நின்றால் பேட்டரி நல்லது, வண்டிதான் உறிஞ்சுகிறது. வயர் கழற்றிய நிலையிலேயே 12.2-க்கு இறங்கினால் பேட்டரியில்தான் கோளாறு, வாரண்டியில் கொடுங்கள்.

வண்டிதான் காரணம் என்று தெரிந்தால், நீங்கள் சொன்ன அறிகுறியிலிருந்தே கசிவின் அளவைக் கணக்குப் போடலாம். 35 ஏ.எச். பேட்டரியில் சுமார் 20 ஏ.எச். போய்விட்டால் செல்ஃப் மோட்டார் திணறும். அது 72 மணி நேரத்தில் போகிறது என்றால், இடைவிடாமல் ஓடும் மின்சாரம் சுமார் 280 மில்லிஆம்பியர். ஸ்டீரியோ மெமரி, சென்ட்ரல் லாக், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் சேர்ந்து, நிற்கும் காரில் 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. ஆக, 250 முதல் 400 மில்லிஆம்பியர் வரை தின்னும் ஏதோ ஒன்றைத்தான் தேடுகிறோம். அணையாத ஒரு 5 வாட் பல்பே 400 மில்லிஆம்பியர் எடுக்கும்.

இனி அளக்கும் முறை. மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலை டிசி 10 ஆம்பியரில் வையுங்கள். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது. ஆகவே மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஹெட்லைட் போடவோ கூடாது. சிவப்பு வயர் அதே துளையில் இருக்கும்போது வோல்ட் பார்த்தாலும் நேராக ஷார்ட் ஆகிவிடும்.

பானட்டைத் திறந்து வையுங்கள். டிரைவர் கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் இருக்கும் லாக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிடுங்கள். கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். கதவில் தனியாகப் பித்தான் சுவிட்ச் இருந்தால் அதை டேப் போட்டு அமுக்கி வையுங்கள். ரிமோட்டில் லாக் செய்து, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அரை மணி நேரம் வண்டியைத் தொடாமல் இருங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். லாக் செய்தவுடன் அளந்தால் ஒன்று, இரண்டு ஆம்பியர்கூடக் காட்டும். அது கசிவு அல்ல, இன்னும் தூங்கப் போகாத கண்ட்ரோல் யூனிட்கள்.

அரை மணி கழிந்ததும் 10 நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் கிளாம்பைத் தளர்த்துங்கள், ஆனால் தூக்க வேண்டாம். மீட்டரின் ஒரு முதலைக் கிளிப்பைப் பேட்டரிக் கம்பத்திலும் மற்றதைக் கிளாம்பிலும் மாட்டிய பிறகே, இரண்டு கிளிப்பும் நழுவாமல் பார்த்துக்கொண்டு கிளாம்பை மெதுவாக மேலே எடுங்கள். ஒரு நொடி இணைப்பு விட்டாலும் யூனிட்கள் விழித்துக்கொள்ளும். மறுபடி அரை மணி காத்திருக்க வேண்டும். மீட்டர் 0.03 என்று காட்டினால் 30 மில்லிஆம்பியர், சரி. 0.28 என்றால் திருடன் உள்ளேதான் இருக்கிறான். பத்து நிமிடமாவது பார்த்துக்கொண்டிருங்கள். சில யூனிட்கள் இடையிடையே விழித்துத் தூங்கும்.

இதற்குப் பிறகு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிடுங்கித் திரும்பச் செருகும்போது தூங்கிய யூனிட் எழுந்துவிடும், சில சமயம் கோளாறே தற்காலிகமாக மறைந்தும் போகும். பதிலாக, கிளாம்பைத் திரும்ப மாட்டிவிட்டு, மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சுக்கு மாற்றுங்கள் (சிவப்பு வயரையும் வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள்). ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். அவற்றில் முனைகளை வையுங்கள். மின்சாரம் ஓடாத ஃப்யூஸில் 0.0 வரும். 10 ஆம்பியர் மினி ஃப்யூஸில் 280 மில்லிஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் காட்டும். 15 ஆம்பியர் ஃப்யூஸில் அதைவிடக் குறையும். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, பானட்டுக்குள் ஒரு பெட்டி, இரண்டையும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் ஸ்டீரியோ மேல்தான். அதன் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும். சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். ஆக்சஸரி வயரைத் தேடச் சோம்பல்பட்டு, இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவது உண்டு. அப்புறம் திரை அணைந்திருந்தாலும் உள்ளே செட் ஓடிக்கொண்டே இருக்கும். சாவி எடுத்த பிறகு சிவப்பு வயருக்கும் பாடிக்கும் இடையே 12 வோல்ட் காட்டினால் விடை கிடைத்துவிட்டது. டேஷ்கேமை நேரடியாக வயரிங்கில் கொடுத்திருந்தால் அதன் பார்க்கிங் மோடை (வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் வசதி) அணைத்துப் பாருங்கள். அந்த மோடு தேவை என்றால் கட்-ஆஃப் அளவை, அதாவது கேமரா தானாக அணையும் வோல்ட்டை, 12.2-க்கு மேல் வையுங்கள்.

டிக்கி விளக்கு அணைகிறதா என்று அறிய, செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடுங்கள். க்ளவ் பாக்ஸ் விளக்குக்கும் அதே வழி. ரிலேக்களை விரலால் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், அதன் காயிலுக்கு எங்கிருந்தோ மின்சாரம் வருகிறது. காயில் மட்டுமே 150 மில்லிஆம்பியர் தின்னும்.

எந்த ஃப்யூஸிலும் எதுவும் காட்டவில்லை, ஆனால் கசிவு இருக்கிறது என்றால் டைனமோவுக்கு வாருங்கள். அதன் தடித்த வயர் நீங்கள் சோதித்த இந்தச் சின்ன ஃப்யூஸ்கள் வழியாகப் போவதில்லை. உள்ளே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) லீக் ஆனாலும் சார்ஜ் 14 வோல்ட் வந்துகொண்டுதான் இருக்கும்; அதனால் மெக்கானிக் சொன்னது இதற்குச் சாட்சி ஆகாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டைனமோவின் அந்தத் தடித்த வயரையும் கழற்றி, முனையில் நன்றாக டேப் சுற்றி, மறுபடி மீட்டரை இடையில் போட்டு அளவெடுங்கள். 280 இருந்தது 30-க்கு இறங்கினால் டயோடு செட் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் கதவுக் கொக்கியை ஹேண்டிலை இழுத்து விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். இல்லாவிட்டால் லாக் உடையும். பேட்டரியை மறுபடி சார்ஜரில் முழுதாக ஏற்றி, மூன்று நாள் நிறுத்தி வோல்ட் பாருங்கள். பல முறை அடியோடு இறங்கிய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கலாம், அதனால் கசிவு நின்ற பின்னும் 12.4-க்கு மேல் ஏற மறுத்தால் லோடு டெஸ்ட் செய்து பார்த்துவிடுங்கள்.