பேர் சொல்லிக் கூப்பிடும் பேரன்

கேள்வி: எங்கள் வீட்டில் 11 வருடமாக வேலை பார்ப்பவளை, விருந்தாளிகள் முன் "வேலைக்காரி" என்று சொல்லிவிட்டேன். "வீட்டுப் பணியாளர்னு சொல்லுங்க அத்தை" என்று மருமகள் எல்லார் முன்னாலும் திருத்தினாள். வேலை பார்ப்பவளுக்கு நாங்கள் ஒரு குறையும் வைத்ததில்லை. 52 வயதானவள், என் 6 வயதுப் பேரன்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், அவ்வளவு ஒட்டுதல். ஒரு சொல்லில் என்ன வந்துவிட்டது?
- வாசகி, மதுரை

பதில்: மருமகள் சொன்ன சொல்தான் சரி. 2007-ல் தமிழக அரசு வீட்டு வேலை செய்பவர்களுக்கு நல வாரியம் அமைத்தபோதே வீட்டுப் பணியாளர் என்றுதான் பெயர் வைத்தது. 'காரி' என்பதில் குற்றமில்லை. கெட்டிக்காரி என்றால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தெருவில் போகிறவரைப் பூக்காரம்மா, கீரைக்காரம்மா என்கிறோம். 11 வருடம் உங்கள் பாத்திரம் தேய்த்தவருக்கு அந்த 'அம்மா'வைச் சேர்க்க உங்களுக்கு நாக்கு வரவில்லை.

சொல்லை இன்றைக்கே மாற்றிவிடலாம். என்னை உறுத்துவது உங்கள் பேரன்.

ஒட்டுதல் என்கிறீர்கள். நம் வீடுகளில் பெரியவர்களிடம் ஒட்டுதல் கூடினால் முறைதான் வரும்: அத்தை, பெரியம்மா, பாட்டி. பேர் வராது. எதிர்வீட்டு அம்மாளை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பீர்களா? வேன் ஓட்டுபவரை 'அங்கிள்' என்கிறவன், தனக்குச் சோறு ஊட்டிய கையை மட்டும் பேர் சொல்லி அழைக்க எங்கே கற்றான்? உங்கள் வாயிலிருந்துதான். கூலி வாங்குகிறவருக்கு வயது கிடையாது என்று 6 வயதிலேயே அவனுக்குப் பாடம் ஏறிவிட்டது. முறை சொல்லிக் கொடுப்பது பாட்டியின் கடமை அம்மா. அதில் தவறிவிட்டு, அதையே பாசத்துக்குச் சாட்சியாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருமகளையும் கேட்கிறேன்: மாமியாரை ஊர் முன்னால் திருத்தியவர், பெற்ற பிள்ளையை ஒருநாளாவது திருத்தினாரா?

ஒரு குறையும் வைக்கவில்லை என்பதும் இருக்கட்டும். அவர் அந்த வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? 18 முதல் 60 வயது வரை பதியலாம். 60-க்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. மருமகளை உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சொல் திருத்தியவருக்கு அது பொருத்தமான வேலை.

நாளைக் காலை அவர் வந்ததும், பிள்ளை என்ன முறை வைத்துக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். பேரன் பக்கத்தில் நிற்கட்டும். "வாங்க" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.