கேள்வி – பதில்: உப்புநீரில் சுருங்க மறுத்த முட்டை

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குச் சவ்வூடு பரவலை (செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் ஒரு சவ்வின் வழியே போவதை) விளக்குவதற்காக ஒரு முட்டையை இரண்டு நாள் வினிகரில் ஊறவைத்து ஓட்டை நீக்கினோம். அதை உப்புக் கரைசலில் போட்டால் சுருங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், கடையில் வாங்கியபோது இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாகவே இருந்தது. மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். எங்கே தவறினோம்?
– ஆசிரியை ஒருவர், பென்னாகரம்

பதில்: இரண்டு இடங்களில் சறுக்கியிருக்கிறது; இரண்டுமே பலருக்கும் நேர்வதுதான்.

முதலாவது, வினிகர். கடையில் கிடைக்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடுதான். மீதி பெரும்பாலும் நீர். அமிலம் ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து, கார்பன் டை ஆக்சைடு குமிழிகளைக் கிளப்பிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நாள்களிலேயே, நீர் சவ்வின் வழியாக உள்ளே புகுந்து முட்டையை வீங்க வைத்துவிடுகிறது. ஆகவே உப்புநீரில் இட்ட முட்டையை, வினிகரிலிருந்து எடுத்தபோது இருந்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். கடையில் வாங்கிய அளவோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். எடை பார்த்தாலும் இதே குழப்பம்தான்: 55 கிராம் முட்டையில் ஓடு மட்டுமே சுமார் 6 கிராம் இருக்கும், ஓடு போன எடையும் நீர் சேர்ந்த எடையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஓடு நீங்கிய முட்டையை நீரில் மெல்லக் கழுவி, துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, அப்போது காட்டும் எடையைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். தராசு இல்லாவிட்டால் முட்டையின் நடுவில் ஒரு நூலைச் சுற்றி அளந்துகொண்டாலே போதும்.

இரண்டாவது, உப்பு. நீரை மட்டும் விட்டுக் கரைபொருளைத் தடுக்கும் சவ்வு என்று பாடத்தில் படிக்கிறோம். முட்டைச் சவ்வு அவ்வளவு கறாரானதன்று. புரத இழைகளால் பின்னப்பட்ட இரண்டு மெல்லிய அடுக்குகளான அது, வெண்கருவின் பெரிய புரத மூலக்கூறுகளை உள்ளேயே நிறுத்திவைக்கும். சோடியம், குளோரைடு அயனிகளைத் தடுத்து நிறுத்தாது. சீனர்கள் முட்டையை ஓட்டோடு உப்புநீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து உப்பு முட்டை செய்வது இதனால்தான் முடிகிறது. உங்கள் முட்டையிலிருந்து தொடக்கத்தில் கொஞ்சம் நீர் வெளியேறியிருக்கும். ஆனால் உப்பு உள்ளே நுழைய நுழைய இருபுறச் செறிவு வேறுபாடு குறைந்து, சுருக்கம் நின்றுபோயிருக்கும்.

சர்க்கரைப் பாகுக்கு மாறுங்கள். உப்பின் வாய்பாட்டு எடை 58.5, சர்க்கரையின் மூலக்கூறு எடை 342. உருவில் பெரிய சர்க்கரை மூலக்கூறு மிக மெதுவாகத்தான் நுழையும். ஒரு டம்ளர் நீரைச் சுட வைத்து அதில் இரண்டு டம்ளர் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு முட்டையை இடுங்கள். பாகு அடர்த்தியானது என்பதால் முட்டை மிதக்கும். முழுவதும் மூழ்கும்படி ஒரு சிறு கிண்ணத்தை மேலே கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் அது காற்றுப் போன பலூனைப் போலச் சுருங்கித் தொளதொளத்து, மஞ்சள் கரு தொட்டுணரும் அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும். அதையே வெறும் நீரில் போட்டால் மீண்டும் விம்மிவிடும். இந்த இரண்டாம் கட்டத்தைத் தவற விடாதீர்கள். ஒரே முட்டை இரு திசையிலும் நடந்து காட்டுவதைப் பார்த்த பிறகுதான் மாணவர்களுக்கு ஐயம் தீரும்.

சத்துணவுக் கூடத்தில் அவித்த முட்டை இதற்கு ஆகாது. வெண்கரு திரண்டு கெட்டிப்பட்டிருக்கும். பச்சை முட்டையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள்.

நீங்கள் நல்ல பரம்பரையில்தான் இருக்கிறீர்கள். 1748ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் நொல்லே, சாராயம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீருக்குள் அமிழ்த்தியபோது, அந்தத் தோல் புடைத்தெழுந்ததைக் கண்டு வியந்தார்.

கேள்வி: வீட்டில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்திலும் நடப்பது சவ்வூடு பரவல்தான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அதன் தலைகீழ் வடிவம். முட்டையில் நீர் தானாகவே செறிவு மிகுந்த பக்கம் போகிறது. இயந்திரத்தில், உப்புச் செறிந்த பக்கத்தை மோட்டார் வலுவாக அழுத்துவதால், நீர் எதிர்த்திசையில் சவ்வைக் கடந்து நல்ல நீராக வெளிவருகிறது. முட்டைச் சவ்வு கோட்டைவிடும் உப்பை இந்தச் செயற்கைச் சவ்வு பெருமளவு தடுத்துவிடும்; புளோரைடையும் அப்படியே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வடிகட்டப்பட்ட புளோரைடு மறைந்துவிடுவதில்லை. கழிவுக் குழாய் வழியே செறிவு கூடி வெளியேறுகிறது. ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரை வடிகட்டும் வீடுகளில், அந்தக் கழிவுநீரை வாசல் தெளிக்கவும் தரை கழுவவும் பயன்படுத்தலாம். உலை வைக்கவோ மாட்டுத் தொட்டியில் ஊற்றவோ கூடாது.