புடைத்த டயரோடு பதுளைக்கா? வேண்டாம்

கல்லடியில் மதகு விளிம்பில் இடித்த பிறகு முன் இடது டயரின் பக்கச்சுவரில் பாதித் தேசிக்காய் அளவு புடைத்திருக்கிறது, காற்று இறங்கவில்லை, பதுளைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள்.

காற்று இறங்காததை நம்பவேண்டாம். உள்ளிருக்கும் இழைகள் அறுந்ததால்தான் அந்த இடம் வெளியே தள்ளுகிறது. இப்போது காற்றைப் பிடித்து வைத்திருப்பது வெறும் ரப்பர். செங்கலடி தாண்டி மகாஓயா வெயிலில் டயர் சூடேறினால் எந்த நேரமும் வெடிக்கலாம், அதுவும் முன் சில்லு. காற்றைக் குறைத்து ஓட்டச் சொன்ன கடைக்காரரை என்னவென்று சொல்வது! குறைத்தால் பக்கச்சுவர் இன்னும் மடங்கும், இன்னும் சூடாகும். அந்த இடத்தில் ஒட்டுப் போட்டும் பயனில்லை. டயரை மாற்றத்தான் வேண்டும்.

பின் டயரின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய பள்ளம் வேறு கதை. உள்துணியின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய இடம் அது. விரலால் தடவிப் பாருங்கள். உள்நோக்கிக் குழிந்திருந்தால் பயமில்லை.

மேலதிக சில்லைப் பூட்டுமுன் அதன் வயதையும் பாருங்கள். 2319 என்று பொறித்திருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். என்னுடையது டிக்கிக்குள் பத்து வருடம் உறங்கியிருந்தது; வெளியே எடுத்தபோது பக்கமெல்லாம் வெடிப்பு.