டியூப்பை அவர் கையில் கொடுங்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் தேங்காய் பறிக்கிறவர். எட்டு மாதத்துக்கு முன்னால் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் 'சீக்கிரம் எந்திரிச்சு நடந்துருவே' என்கிறார்கள். அவரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வாசலுக்குக்கூட வருவதில்லை. தோப்புக்காரர்கள் போன் பண்ணினால் நான்தான் எடுக்கிறேன். போன வாரம், 'என்னை எதுக்குப் பிழைக்க வச்சே?' என்று கேட்டுவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை.
பெயர் வேண்டாம், கடையநல்லூர் பக்கம்

பதில்: முதலில் அந்தக் கடைசி வார்த்தை. அது வெறும் கோபமாக இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துப்போயிரலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை எதுவும் கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

சரி, அவர் ஏன் வெளியே வருவதில்லை? நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். கட்டிலில் மூத்திரப் பை தொங்குகிறதா? அதை நீங்கள்தானே காலி செய்கிறீர்கள்?

என்னிடம் வந்த ஒரு கொத்தனாரும் ஆறு மாதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் தைரியம், நம்பிக்கை என்று என்னென்னவோ பேசிப் பார்த்தேன். நான்காவது தடவைதான் வாயைத் திறந்தார்: 'மகளுக்குப் பதினாலு வயசு. அவ முன்னாடி இந்தப் பையோட எப்படி உட்கார்றது?' அப்புறம் ஒரு நர்ஸ், நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய டியூப்பைத் தானே போட்டுச் சிறுநீரை எடுத்துவிடக் கற்றுக்கொடுத்தார். பை போனது. இரண்டே வாரத்தில் மனுஷர் சவரம் செய்துகொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார். என் பேச்சுக்கு அதில் பெரிய பங்கில்லை. உங்கள் வீட்டுக்காரருக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன. இந்த முறை ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

'நடந்துருவே' என்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் போன பிறகு அவர் காலை அசைத்துப் பார்ப்பார், பாவம். நடக்க முடியுமா என்பதை டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே கேளுங்கள். அவரை வெளியே வைத்துவிட்டு நீங்கள் மட்டும் கேட்காதீர்கள்.

ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உங்களுக்குப் பக்கம்தான். 1975-இல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அங்கே பயிற்சி உண்டு. பல வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவரோடு அரை மணி நேரம் பேசட்டும். உங்களிடமும் என்னிடமும் கேட்கக் கூச்சப்படுவதை, தாம்பத்தியம் உட்பட, அவரிடம் கேட்பார்.

அப்புறம், அந்தப் போனை இனி நீங்கள் எடுக்காதீர்கள். எந்தத் தோப்பில் எத்தனை காய் தேறும் என்பது அவருக்குத்தானே தெரியும்?