கேள்வி – பதில்: தசையிலும் டென்சர், கணக்கிலும் டென்சரா?

கே: மகள் பிசியோதெரபி படிக்கிறாள்; அவள் புத்தகத்தில் ‘டென்சர் ஃபேசியே லேட்டே’ என்று ஒரு தசை வருகிறது. மெக்கானிக்கல் படிக்கும் மகனின் நோட்டிலோ ‘ஸ்ட்ரெஸ் டென்சர்’. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, திருநெல்வேலி

ப: இழுப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இரண்டும் வந்தன. அதற்கு மேல் உறவு இல்லை. உடற்கூறியலில், ஒரு சவ்வையோ பட்டையையோ இழுத்து விறைப்பாக்கும் தசைக்கு அந்தப் பெயர்.

மகள் படிக்கும் தசை இடுப்பெலும்பின் முன்முனையில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கம் ஓடும் தடித்த பட்டையில் சேர்கிறது. அந்தப் பட்டை முழங்காலுக்குக் கீழே கீழ்க்காலின் பெரிய எலும்பின் வெளிப்புறத்தில் முடியும். ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்ள இத்தசையும் உதவுகிறது. ஓட்டக்காரர்கள் முழங்காலின் வெளிப்புறம் வலித்தால் பட்டையை உருளையால் தேய்த்து ‘நீட்ட’ப் பார்க்கிறார்கள். அவ்வளவு தடித்த திசு அப்படியெல்லாம் நீளாது. இடுப்புத் தசைகளுக்குப் பலம் ஏற்றுவதுதான் உருப்படியான வழி.

இதே பெயரில் காதிலும் அண்ணத்திலும் தசைகள் உண்டு. அண்ணத்துத் தசை நாம் விழுங்கும்போது, நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயைத் திறந்துவிடும். விமானம் இறங்கும்போது மிட்டாய் சப்பினால் காதடைப்பு விடுவது இதனால்தான். பிளவு அண்ணத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இத்தசை சரியாக இயங்காது. நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் அவர்களுக்குக் காது பரிசோதனையும் அவசியம்.

கே: ஏஐ வகுப்பில் “டென்சர் என்றால் பல பரிமாண எண் அட்டவணை” என்கிறார்கள். தகைவு (ஸ்ட்ரெஸ், அதாவது பொருளுக்குள் ஓரலகு பரப்பில் செயல்படும் விசை) நடத்தும் பேராசிரியர் “வெறும் அட்டவணை இல்லை” என்கிறார். எது சரி?
– பொறியியல் மாணவர், கோவை

ப: பேராசிரியர் சொல்வதே மூலப் பொருள். அச்சுகளைத் திருப்பினால் எண்கள் மாற வேண்டும்; எப்படி மாற வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. அந்த விதிக்கு உட்பட்டால்தான் டென்சர். படிகங்களை ஆராய்ந்த வால்டெமர் ஃபோய்க்ட் 1898-இல் இச்சொல்லை இந்தப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

ஒரு சாக்பீஸை எடுத்து, வளைக்காமல் இரு முனையையும் எதிரெதிராக முறுக்குங்கள். நேர்குறுக்காக உடையாது, சுமார் 45 டிகிரியில் சுருளாக உடையும். ஏன்? மேற்பரப்பில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். ஓர் அச்சு சாக்பீஸின் நீளவாக்கில், மற்றது சுற்றுவாக்கில். தகைவு அணியின் (மேட்ரிக்ஸ்) முதல் நிரை 0, 10; இரண்டாம் நிரை 10, 0 என்று வைப்போம். இழுப்பே இல்லை, சறுக்குத் தகைவு (ஷியர்) மட்டும். அச்சுகளை 45 டிகிரி திருப்பினால் அதே தகைவின் முதல் நிரை 10, 0; இரண்டாம் நிரை 0, −10 ஆகிறது. ஒரு திசையில் முழு இழுப்பு, அதற்குச் செங்குத்தாக முழு அமுக்கம். சாக்பீஸ் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எனவே இழுக்கும் திசைக்குச் செங்குத்தாகப் பிளக்கிறது.

தேர்வில் பலர் சறுக்குவது ஓரிடத்தில். திசையன் என்றால் சுழற்சி அணியால் ஒருமுறை பெருக்கினால் போதும். தகைவுக்கு இடப்பக்கம் சுழற்சி அணி, வலப்பக்கம் அதன் நிரை-நிரல் மாற்று அணி, இரண்டும் வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தினால் எல்லா இடத்திலும் 7.07 வரும் (ஒன்றுக்குக் குறைக்குறி). மூலைவிட்டக் கூட்டுத்தொகை அப்போதும் 0, அணிக்கோவையும் (டிடர்மினன்ட்) −100 என்றே நிற்பதால், அவற்றை மட்டும் வைத்துச் சரிபார்ப்பவர் இந்த எடுத்துக்காட்டில் ஏமாந்துவிடுவார்.

ஏஐ-யில் டென்சர் வெறும் சேமிப்பு வடிவம்தான். உயரம், அகலம் இரண்டும் 224 புள்ளிகள், 3 நிறங்கள் கொண்ட 32 வண்ணப் படங்களை டென்சர்ஃப்ளோ என்ற ஏஐ மென்பொருள் வழக்கமாக 32, 224, 224, 3 என்று அடுக்கும். பைடார்ச் என்ற இன்னொரு மென்பொருள் 32, 3, 224, 224 என்று கேட்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற, அச்சுகளின் வரிசையை மாற்றும் ‘பெர்மியூட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். எண்களை அதே வரிசையில் வேறு வடிவில் மடிக்கும் ‘ரீஷேப்’ செய்தாலும் அளவு பொருந்திவிடும், பிழைச்செய்தி வராது. ஆனால் படம் உள்ளே சிதறிப் போயிருக்கும், மாடல் குப்பையைக் கற்கும்.

கே: மூளை எம்ஆர்ஐ-யில் ‘டிடிஐ’ என்று எழுதியிருக்கிறது. அதிலும் டென்சராமே?
– வாசகர், மதுரை

ப: ஆமாம், டிடிஐ என்பது ‘டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங்’; அதில் வருவது அசல் கணித டென்சர்தான். மூளையில் நீர் மூலக்கூறுகள் நரம்பிழை ஓடும் திசையில் எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் பரவும். இதைச் சொல்ல 3×3 சமச்சீர் அணி வேண்டும். தெரியாத எண்கள் 6. ஆகவே குறைந்தது 6 திசைகளிலும், திசை இல்லாமல் ஒருமுறையும் படம் எடுக்கிறார்கள். நடைமுறையில் 30 திசைகள் வரையும் அதற்கு மேலும் போவது உண்டு. நோயாளி தலையை அசைத்தால் கணக்கு கெடும்.

அறிக்கையில் வரும் ‘எஃப்ஏ’, நீர் எவ்வளவு தூரம் ஒரே திசை சார்ந்து பரவுகிறது என்று காட்டும், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண். அது குறைந்த இடமெல்லாம் பழுது என்று பயப்பட வேண்டாம்: இரண்டு நரம்புக் கற்றைகள் குறுக்கே வெட்டும் இடத்தில், அவை நலமாக இருந்தாலும் எஃப்ஏ இறங்கும்.