கவாத்துக் கத்தியும் டிரைவர் கணக்கும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண்ணின் ஈரம் அளக்கும் சென்சார் ஒன்றை லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் போர்டுடன் ஐ2சி என்ற இணைப்பு வழியாக இணைத்து, அதை இயக்கும் டிரைவர் நிரலை நானே எழுதியிருக்கிறேன். 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் அளவெடுக்கிறது. வேலை முடிந்த 2 வினாடியில் சென்சாரின் மின்சாரம் நிற்கும்படி ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்டும் (வேலையில்லாத சாதனத்தை லினக்ஸ் தூங்கவைக்கும் வசதி) சேர்த்தேன். சில நாள் ஒழுங்காக இருந்தது. ஒரு மழைக்காலைக்குப் பிறகு சாதனத்தின் நிலையைச் சொல்லும் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பு எப்போதும் 'ஆக்டிவ்' (விழித்திருக்கிறது) என்றே காட்டுகிறது. நவம்பர் மூடுபனியில் சோலார் பேனலும் கைகொடுக்காததால் பேட்டரி விடியும்வரை தாங்குவதில்லை. சென்சார் தூங்கி எழுந்து தந்த அளவுகளும் நம்பும்படி இல்லை. 2 வினாடியை அரை வினாடியாகக் குறைக்கலாமா? டிரைவர் நிரலை இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

குறைத்துப் பயனில்லை. 600 வினாடிக்கு 2 வினாடி விழித்திருப்பது பேட்டரிக்கு ஒரு பொருட்டல்ல; உங்கள் சென்சார் 600 வினாடியும் விழித்திருப்பதுதான் சிக்கல்.

2009-இல் லினக்ஸ் 2.6.32-உடன் வந்த இந்த ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கையை வைத்திருக்கிறது. 'கெட்' அழைப்பு அதை ஒன்று கூட்டும், 'புட்' ஒன்று குறைக்கும். பூஜ்யமானால்தான் சாதனம் தூங்கலாம். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்துக் காலத்தில் காலையில் கொடுத்த கத்திகள் அத்தனையும் திரும்பி வராமல் கணக்குப்பிள்ளை ஸ்டோரைப் பூட்டமாட்டார் அல்லவா, அதே முறைதான். உங்கள் நிரலில் ரிஜிஸ்டரை (சென்சார் தன் அளவை வைத்திருக்கும் இடம்) படிக்கும்போது பிழை வந்தால், படிக்கும் செயல்கூறு (நிரலின் அந்தப் பகுதி) அந்த இடத்திலேயே முடிந்து திரும்பிவிடுகிறது. 'புட்' அதற்குக் கீழே இருப்பதால் அது நடப்பதே இல்லை. ஈரம் ஏறிய கனெக்டரால் ஒரே ஒரு முறை படிப்பு தவறியிருந்தாலும் போதும், ஒரு கத்தி குறுக்குவழியில் வீட்டுக்குப் போய்விட்டது; எண்ணிக்கை இனிப் பூஜ்யமாகாது. குன்னூரில் இதே பிழைக்காக நான் இரண்டு பேட்டரி மாற்றியிருக்கிறேன் என்பதால் உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

சென்சாரை எழுப்புவதே தவறியிருந்தால் ஸ்டேட்டஸ் கோப்பு 'எரர்' என்று காட்டியிருக்கும். ஆகவே காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்கிறேன். பவர் கண்ட்ரோல் கோப்பில் 'ஆட்டோ' என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள். 'ஆன்' என்றிருந்தால் சாதனம் தூங்கவே தூங்காது.

அளவு தவறுவதற்குக் காரணம் வேறு. மின்சாரம் நின்றதும் சென்சார் தன் அமைப்புகளை மறந்துவிடும். நீங்கள் அவற்றை டிரைவர் ஏற்றப்படும்போது ஒரு முறை எழுதியதோடு விட்டுவிட்டீர்கள். எழுப்பும் செயல்கூறு ஒவ்வொரு முறையும் அவற்றைத் திரும்ப எழுதி, சென்சார் நிலைபெறத் தேவையான மில்லிவினாடிகள் காத்திருக்க வேண்டும். அப்படி எழுதும்போது முதல் தோல்வியிலேயே பிழையைத் திருப்பாமல் இரண்டு மூன்று முறை முயலுங்கள். எழுப்பும் செயல்கூறு பிழை திருப்பினால், அந்தப் பிழை நிலையை நீக்கும்வரை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சாதனத்தை எழுப்ப மறுத்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் பயன்படுத்தும் 'கெட் சிங்க்' என்ற 'கெட்' வகை அழைப்பு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுத்தான் சாதனத்தை எழுப்பும்; கணக்குப்பிள்ளை பதிவேட்டில் எழுதிவிட்டு ஸ்டோரைத் திறப்பது போல. கதவு திறக்காவிட்டாலும் எழுதியது எழுதியதுதான். எத்தனையோ டிரைவர்கள் இதில் சறுக்கியதால்தான், தோற்றால் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும் 'ரெஸ்யூம் அண்ட் கெட்' 2020-இல் கர்னல் 5.10-இல் சேர்க்கப்பட்டது. அதற்கு மாறிவிடுங்கள்.

திருத்திய பின் சோதனைக்காக மட்டும் தூக்கத் தாமதத்தை (இப்போதுள்ள 2 வினாடியை) 60000 மில்லிவினாடியாக்கி, ஒரு முறை அளவெடுத்து, சென்சார் விழித்திருக்கும்போதே டேட்டா வயரைக் கழற்றி, மறுபடி அளவெடுங்கள். பிழை வர வேண்டும். ஒரு நிமிடம் கழித்து ஸ்டேட்டஸ் 'சஸ்பெண்டட்' (தூங்குகிறது) ஆகவும் வேண்டும். அதன்பின் ஒரு வாரம் பேட்டரியைக் கவனித்து எழுதுங்கள். கோத்தகிரி மூடுபனிக்கு இன்னொரு சோலார் பேனல் வேண்டுமா என்பதை அப்போது பார்ப்போம்.