வீட்டில் இனிக்கும் ஆம்ப் மாடலர் டோன் மேடையில் ஏன் காதைக் குத்துகிறது?

கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கர், மைக் ஆகியவற்றின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் ஆம்ப் மாடலரில், ஹெட்போனில் மணிக்கணக்காக உட்கார்ந்து உருவாக்கிய டோன் வீட்டில் அருமையாக ஒலிக்கிறது என்றும், அதே பிரீசெட்டை (சேமித்துவைத்த அமைப்பை) மேடையில் பிஏ ஸ்பீக்கர் (அரங்கத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வழியாக வாசித்தால் ஒலி காதைக் குத்துவதோடு, டிரம்ஸும் பாஸும் சேர்ந்தவுடன் கிட்டாரே காணாமல் போய்விடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைவிட விலை கூடிய மாடலர் வாங்கினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் பதில். இன்று கிடைக்கும் நடுத்தர விலைக் கருவிகள்கூட மேடைக்குப் போதுமான தரத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் டோனை உருவாக்கிய ஒலியளவும் ஸ்பீக்கரும் வேறு, வாசிக்கிற ஒலியளவும் ஸ்பீக்கரும் வேறு. சிக்கல் அந்த இடைவெளியில் இருக்கிறது.

இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மாடலருக்கு மாறிய புதிதில், இரவு நேரங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழை) முக்கால் பங்கு ஏற்றி, மிட்டை (நடுத்தொனிகளை) வெகுவாகக் குறைத்து, பாஸையும் ட்ரெபிளையும் (கீழ்த்தொனிகளையும் மேல்தொனிகளையும்) கூட்டி, அதற்கு மேல் ஸ்டீரியோ டிலேயும் ரிவெர்பும் பூசி ஒரு பிரீசெட் செய்து வைத்திருந்தேன். தனியாகக் கேட்டால் ஸ்டூடியோவில் பதிவான ஒலி போலவே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு நிகழ்ச்சியின் சவுண்ட் செக்கில் குழுவோடு பாதிப் பாடல் வாசித்திருப்பேன், மிக்ஸருக்குப் பின்னால் நின்றிருந்த சவுண்ட் இன்ஜினியர் மைக்கில் கேட்டார்: “தம்பி, கிட்டார் எப்ப வரும்?” நான் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வாசித்துக்கொண்டிருந்தேன்.

காரணங்களில் முதலாவது நம் காதுதான். ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் பெல் ஆய்வகத்தில் அளந்து 1933இல் வெளியிட்ட சம ஒலிப்பு வளைகோடுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன: ஒலி மெல்லியதாக இருக்கும்போது அடித்தொனிகளையும் மிக உச்சத் தொனிகளையும் காது குறைவாகவே உணர்கிறது, ஒலி கூடக் கூட அந்தக் குறை சுருங்கிவிடுகிறது. ஆகவே படுக்கையறை ஒலியளவில் “பாஸ் போதவில்லை, பளிச்சென்று இல்லை” என்று தோன்றி நாம் இரண்டையும் கூட்டிவிடுகிறோம். மேடையில் ஒலியளவு பல மடங்கு ஏறியதும் அந்தக் கூடுதல் முழுவதும் அப்படியே காதில் விழுகிறது; கீழே குமுறலும் மேலே குத்தலும் மிஞ்சுகின்றன. இதற்கு மாற்று வழி எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. மேடைக்கான பிரீசெட்டை மேடை ஒலியளவுக்கு அருகில்தான் செய்ய வேண்டும். கைபேசியில் கிடைக்கும் ஒலியளவுச் செயலி துல்லியமானது அல்ல என்றாலும், வாசிக்கும் இடத்தில் 90 டெசிபெல்லை ஒட்டிக் காட்டும் அளவுக்கு ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள். அதற்காக மணிக்கணக்கில் அந்த ஒலியில் உட்கார வேண்டாம். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரைப்படி 85 டெசிபெல்லை 8 மணி நேரமும், 94 டெசிபெல்லை 1 மணி நேரமும், 100 டெசிபெல்லை வெறும் 15 நிமிடமும்தான் ஒரு நாளில் கேட்கலாம். காது களைத்துவிட்டால் ட்ரெபிள் குறைவாகத் தோன்றும், நாம் மறுபடியும் அதைக் கூட்டுவோம். எனவே பத்து நிமிடம் வேலை, பிறகு இடைவேளை என்று வைத்துக்கொள்வது டோனுக்கும் நல்லது.

இரண்டாவது காரணம், மாடலரிலிருந்து வெளிவருவது எந்த ஒலி என்பதைப் பற்றிய குழப்பம். உண்மையான ஆம்பை அறையில் வைத்து வாசிக்கும்போது ஸ்பீக்கர் நம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கரின் உச்சத் தொனிகள் டார்ச் வெளிச்சம்போல நேராகப் பாய்வதால், நின்றுகொண்டு வாசிப்பவரின் காதுக்கு அவற்றில் சிறு பகுதியே வந்து சேர்கிறது. மாடலர் தருவதோ, அந்த ஸ்பீக்கருக்கு ஓரிரு அங்குலத் தொலைவில் வைத்த மைக் கேட்ட ஒலி. ஒலிப்பதிவுகளில் நாம் கேட்டு ரசித்ததும் இதே ஒலிதான். ஆனால் அங்கே அதைச் சுற்றி வேறு இசைக்கருவிகள் இருந்தன, ஒருவர் அதை ஈக்யூ செய்தும் (தொனிகளைக் கூட்டிக் குறைத்தும்) கொடுத்திருந்தார். ஆகையால் ஆம்ப் மாடலை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாமல், கேபினெட்டையும் (ஸ்பீக்கர் பெட்டியையும்) மைக்கையும் முதலில் கவனியுங்கள். கேபினெட்டின் ஒலியைப் பதிந்து வைத்திருக்கும் ஐஆர் கோப்பை மாற்றினால் ஏற்படும் வேறுபாடு, ஆம்ப் மாடலை மாற்றினால் ஏற்படுவதைவிடப் பெரும்பாலும் பெரியதாக இருக்கும். ஷ்யூர் எஸ்எம்57 மைக் 5 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் இயல்புடையது. அதை ஸ்பீக்கர் கூம்பின் நடுவில் வைத்துப் பதிந்த ஐஆர் பெரிய ஸ்பீக்கரில் சவரக்கத்திபோல ஒலிக்கும். அதே மைக்கைக் கூம்பின் ஓரத்துக்கு நகர்த்திய ஐஆரையோ, ரிப்பன் மைக்கால் பதிந்த ஐஆரையோ போட்டுப் பாருங்கள். பாதிக் குத்தல் அங்கேயே அடங்கிவிடும். இரண்டு ஐஆர்களைக் கலக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. ஒன்றுக்கொன்று 1 மில்லிவினாடி விலகியிருந்தால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளமும், 1500இல் இன்னொன்றும், 2500இல் மற்றொன்றும் விழுந்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒலி உண்டாகும்.

மீதிக் குத்தலையும் குமுறலையும் லோ கட் (கீழ்த்தொனிகளை வெட்டுவது), ஹை கட் (மேல்தொனிகளை வெட்டுவது) என்ற இரண்டு குமிழ்கள் பார்த்துக்கொள்ளும். கிட்டார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிந்துவிடும்; பிஏ ஸ்பீக்கரோ 20 கிலோஹெர்ட்ஸ்வரை உள்ளதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். நான் செய்யும் முறை இது. பிரிட்ஜ் பிக்கப்பை (கூர்மையாக ஒலிக்கும் பிக்கப்பை) போட்டு, நான் பயன்படுத்தப்போகும் மிக அதிகமான கெயினில் ஒரு திறந்த கார்டை அடித்து அப்படியே ஒலிக்க விடுவேன். அது அடங்கும்போது அதன் மேல் ஒரு தனிப் படலமாக, தகர டப்பாவில் அடைபட்ட குளவிபோல ஓர் இரைச்சல் நிற்கும். ஹை கட்டை மேலிருந்து மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் குளவி அடங்கும்; இன்னும் கொஞ்சம் இறக்கினால் கிட்டாரின் மேல் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். அந்த இரண்டுக்கும் இடையே நிறுத்துவேன். எனக்கு அது வழக்கமாக 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸுக்குள் அமைகிறது. லோ கட்டுக்கு, தடித்த இரண்டு கம்பிகளையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அடித்து, ஒவ்வோர் அடியும் அடுத்த அடியோடு ஒட்டாமல் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும்வரை உயர்த்துவேன். அது 90 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் வரும். கிட்டாரின் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறதே, அதை வெட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வெட்டலாம், அந்த இடத்தில் பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஏற்கெனவே குடியிருக்கின்றன.

ஒலி அளவுக்கு மீறிக் குளவிபோல இருந்தால், எங்கோ கேபினெட் பகுதியே அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், மாடலரின் கேபினெட்டும் இயங்கி, ஒலி மறுபடியும் உண்மையான கிட்டார் கேபினெட்டுக்குள் போகிறதா என்று பாருங்கள். மேடையில் பவர் ஆம்பும் கேபினெட்டும் வைத்துக்கொள்ள விரும்பினால் அந்த வெளியீட்டுக்கு மட்டும் ஐஆரை நீக்கிவிட்டு, மிக்ஸருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டில் அதை வைத்திருக்கும் வசதி பல கருவிகளில் உண்டு.

இனி இசைக்குழுவுக்குள் கிட்டார் மறைந்துபோகும் சிக்கல். என்னுடைய அந்தப் பிரீசெட்டில் நான் குறைத்திருந்த மிட்தான் கிட்டாரின் உயிர். பாஸ் கிட்டார், கிக் டிரம், கீபோர்டின் இடது கை ஆகியவை கீழ்ப்பகுதியை நிரப்பிவிடுகின்றன. சிம்பல்கள் மேல்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. பாடகரின் சொற்கள் தெளிவாகக் கேட்க 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ்வரை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மிஞ்சுவது ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸ் முதல் 1.5 கிலோஹெர்ட்ஸ்வரை உள்ள நடுப்பகுதி. அதையும் நாமே பள்ளமாக்கிவிட்டால் கிட்டாருக்கு நிற்க இடம் ஏது? அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஒத்திகை அறையில் டிரம்ஸ், பாஸ் வாசிப்பவர்களை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லி, அவர்களுக்கு நடுவில் குமிழ்களைத் திருகி ஒரு டோன் செய்தேன். தனியாகக் கேட்டால் அது சளிப்பிடித்தவர் மூக்கால் பேசுவதுபோல இருந்தது. குழுவோடு கேட்டபோது ஒவ்வொரு சுரமும் தெரிந்தது. தனியே கேட்டு அழகு பார்க்கும் ஆசையை விடுவதுதான் இதில் கடினமான பகுதி, எனக்கு அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

கெயினையும் அப்போதே குறைத்தேன். வீட்டில் மெல்லிய ஒலியில் சுரம் நீண்டு நிற்க கெயின் தேவைப்படுகிறது. மேடையில் ஸ்பீக்கரின் ஒலியே கம்பியை அதிர வைப்பதால் அந்த நீட்சி தானாகவே கிடைத்துவிடுகிறது. அதிகக் கெயின் ஒலியை இறுக்கிப் பிடித்து, பிக் கம்பியைத் தொடும் அந்த முதல் அடியை மழுங்கடித்துவிடும். நீங்கள் சரியென்று நினைக்கும் இடத்திலிருந்து கால் பங்கு குறைத்துவிட்டுக் குழுவோடு வாசித்துப் பாருங்கள்.

பிரீசெட்டுகளின் ஒலியளவைச் சமன்செய்வதற்கு மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். டிஸ்டார்ஷன் (கரகரப்பான) ஒலி இறுகித் தட்டையாக இருக்கும். கிளீன் (கரகரப்பில்லாத) ஒலியில் ஒவ்வோர் அடிக்கும் உச்சம் எகிறும். இரண்டின் உச்சத்தையும் மீட்டரில் ஒரே இடத்தில் நிறுத்தினால் காதுக்குக் கிளீன் மெல்லியதாகவே கேட்கும். எனவே மீட்டரில் சிவப்பு எரியாதபடி பார்த்துக்கொண்டு, முடிவைக் காதிடம் விடுங்கள், அதுவும் மேடை ஒலியளவில். தனி வாசிப்புக்கான உயர்வை ஆம்புக்கு முன்னால் வைத்தால் கெயின்தான் கூடுமே தவிர ஒலியளவு அவ்வளவாகக் கூடாது. ஆம்புக்குப் பின்னால் 3 முதல் 4 டெசிபெல்லும், 800 ஹெர்ட்ஸைச் சுற்றிச் சிறு மேடும் வைத்தால் போதும். நான் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஆம்ப், ஒரே ஐஆர், அதில் நான்கு நிலைகள் என்றுதான் வைத்துக்கொள்கிறேன். பாட்டுக்கு ஒரு ஆம்ப் மாற்றுபவரின் ஒலியை சவுண்ட் இன்ஜினியர் பிடித்து நிறுத்துவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

ரிவெர்பைப் பாதியாக்குங்கள், அரங்கம் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கத்தான் போகிறது. பல இடங்களில் பிஏ மோனோவாகவே இயங்குவதால், இடமும் வலமும் தாவும் டிலேயை மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இயர் மானிட்டரில் வாசிப்பவராக இருந்தால் மட்டும் உங்கள் காதுக்குப் போகும் ஒலியில் அறை ரிவெர்ப் சிறிது சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையேல் பாலைவனத்தில் நின்று வாசிப்பதுபோல் இருக்கும். அரங்கத்துக்கு அரங்கம் வரும் வேறுபாட்டுக்காகப் பிரீசெட்டுகளைத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ள குளோபல் ஈக்யூவில் சிறிது திருத்திவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இணைப்பைப் பொறுத்தவரை, எக்ஸ்எல்ஆர் வெளியீடு லைன் அளவில் (வலுவான சிக்னல்) இருக்கிறதா மைக் அளவில் (மெல்லிய சிக்னல்) இருக்கிறதா என்பதை சவுண்ட் இன்ஜினியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தச் சேனலில் சில மைக்குகளுக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பேன்டம் பவர் அணைந்திருக்க வேண்டும். அணைக்க முடியாத மிக்ஸராக இருந்தால் நடுவில் அந்த மின்சாரத்தைத் தடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (கருவியை மிக்ஸருடன் இணைக்கும் பெட்டி) ஒன்றை வையுங்கள். ஹம் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். டிஜிட்டல் கருவிகள் ஒலியில் ஏற்படுத்தும் தாமதத்தைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். ஒலி 1 மில்லிவினாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான் போகிறது. ஆகவே 3 மில்லிவினாடித் தாமதம் என்பது ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். மாடலர், டிஜிட்டல் வயர்லெஸ், டிஜிட்டல் மிக்ஸர், கம்பியில்லா இயர் மானிட்டர் என்று நான்கும் சங்கிலியாகச் சேரும்போதுதான் விரலுக்கும் காதுக்கும் இடையே ஒரு தயக்கம் தெரியத் தொடங்கும்.

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்தில் ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்காதீர்கள். நான் ஒருமுறை முந்தின இரவில் புதுப்பித்தேன். பிரீசெட்டுகள் பத்திரமாக இருந்தன, ஆனால் பொது அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பி, மைக் அளவில் இருந்த வெளியீடு லைன் அளவுக்கு மாறியிருந்தது. சவுண்ட் செக்கில் நான் அடித்த முதல் கார்டுக்கு மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்தது, முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இப்போதெல்லாம் பிரீசெட்டுகளோடு பொது அமைப்புகளையும் கணினியில் ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமாகவும் பிடித்துக்கொண்டுதான் மேடைக்குப் போகிறேன்.